நலம், நலமறிய அவல்: மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் கடிதம் எழுத எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தாமிரபரணிக்காரி (ஞாயிறு, இரவு 9.40)

என் மகன் மூன்றாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் ‘உறவினருக்குக் கடிதம்’ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரியைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். அப்படியே தருகிறேன்:

“அன்புள்ள மாமாவிற்கு, நான் இங்கு நலம். அங்கு தங்கள் நலமறிய அவல். எனக்குத் தேர்வு இனிதே முடிந்தது. விடுமுறையில் உங்கள் ஊருக்கு வர விரும்புகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.”

அவனுக்கு மாமாவே கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பெண். “யாருடா இந்த மாமா?” என்று கேட்டால், “தெரியல, டீச்சரோட மாமாவா இருக்கும்” என்கிறான். பத்துக்கு ஆறு மதிப்பெண். ‘அவல்’ மேல் ஒரு சிவப்பு வட்டம். ஆவல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, அவல் தெரியும், அதைப் போட்டுவிட்டான்.

என் அம்மா அம்பாசமுத்திரம் பக்கம் தனியாக இருக்கிறாள். நாங்கள் சென்னை. வீடியோ காலில் ஆச்சியைப் பார்த்தால் “சாப்ட்டேன்” என்று ஒரு சொல், அவ்வளவுதான், ஓடிவிடுகிறான். ஆச்சிக்கு நிஜமாகவே ஒரு கடிதம் எழுத வைக்கலாம் என்று பார்க்கிறேன். எங்கே தொடங்குவது? பிழையைத் திருத்தி அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

கொங்குத்தங்கம் (ஞாயிறு, இரவு 10.15)

டீச்சரோட மாமா! சிரித்து முடியவில்லை. என் மகள் தோழிக்கு எழுதிய கடிதத்தை “எனக்கு இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடித்தவள். விடுப்புக் கடிதம்தான் முதலில் மனப்பாடம் ஆனது, வேறென்ன செய்வாள்.

நாங்கள் செய்தது இதுதான். தாளையும் பென்சிலையும் எடுக்கவே இல்லை. “அப்புச்சி இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், நீ வண்டியிலிருந்து இறங்கி ஓடுகிறாய், முதலில் எதைச் சொல்லுவாய்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “மொட்டை மாடில பூனை நாலு குட்டி போட்டுச்சு, ஒண்ணுக்கு வாலே இல்ல.” அதுதான் கடிதத்தின் முதல் வரி ஆனது. நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வந்தது.

அவள் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்துகொண்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட விட்டு, அவளே கேட்டு எழுதினாள். சொல்லும்போது கொட்டுகிற பிள்ளை எழுத உட்கார்ந்தால் ஊமையாகிவிடுகிறது. கை வலிக்கிறது, எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது, அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. பதிவு இருந்தால் மறக்காது.

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: ஒரு சேதி, ஒரு கேள்வி. அதற்கு மேல் எழுதினால் அவள் இஷ்டம். கேள்வி மட்டும் கட்டாயம் வேண்டும். அது இருந்தால்தான் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

வெண்பலகை (திங்கள், காலை 6.20)

நான் தமிழாசிரியர், ஓய்வு பெற்று நான்கு ஆண்டு ஆகிறது. ஆசிரியர்களை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வதற்கு முன் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

வடிவம் வேண்டாத சடங்கு இல்லை. வலது மேல் மூலையில் ஊரும் தேதியும் எதற்கு? கடிதம் போய்ச் சேரும் நாள் வேறு, எழுதிய நாள் வேறு. ‘நேற்று மழை’ என்று பையன் எழுதினால் எந்த நேற்று என்று ஆச்சிக்குத் தெரிய வேண்டாமா? விளி எதற்கு? யாரோடு பேசுகிறோம் என்று எழுதுகிறவனுக்கே நினைவு இருக்க வேண்டும் என்பதற்காக. முடிப்பும் கையொப்பமும் அப்படித்தான். இந்தக் காரணங்களைச் சொல்லாமல் ‘இங்கே இதை எழுது’ என்று கட்டம் கட்டிக் கொடுப்பதுதான் தவறு. அதை நானும் பல வருடம் செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

தமிழில் இதற்கு நல்ல பழைய உதாரணம் உண்டு. மதுரைச் சொக்கநாதர், அதாவது சிவபெருமானே, யாழ் வாசிக்கும் பாணபத்திரருக்காகச் சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம், பதினோராம் திருமுறையில் முதலில் இருப்பது. பன்னிரண்டே வரி. எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், நான் யார், நீ யார், வருகிறவன் எனக்கு எப்படிப்பட்டவன், அவனுக்கு என்ன செய்ய வேண்டும், எல்லாம் இருக்கிறது. கடைசி வரியில், பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பு என்று முடிகிறது. கடவுளே முகவரியோடுதான் எழுதியிருக்கிறார்!

இன்னொன்று. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போடுவது அலுவலகக் கடிதத்துக்கு. ஆச்சிக்குப் ‘பொருள்’ போடத் தேவையில்லை. (அனுப்புனர் இல்லை, அனுப்புநர். இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது.) பிழையைத் திருத்தாமல் விட்டால் பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடும். ஏழு எட்டு வயதில் கையில் படிந்த பிழை கல்லூரி வரை கூடவே வரும், பார்த்திருக்கிறேன்.

கொங்குத்தங்கம் (திங்கள், காலை 8.05)

ஐயா, வடிவத்துக்கு நீங்கள் சொன்ன காரணமெல்லாம் சரி. எங்கள் பள்ளியில் ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிழைத் திருத்தத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். முதல் கடிதத்தில் எட்டுப் பிழை இருக்கிறது என்று நான் திருப்பி எழுத வைத்தேன். எழுதினாள். வாலில்லாத பூனைக்குட்டி காணாமல் போய்விட்டது, அது நீளமான வரி என்பதால். அப்புறம் இரண்டு மாதம் கடிதம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

காக்கிப்பை (திங்கள், பகல் 1.30)

முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்தவன். பிள்ளைகள் எழுதிய கடிதம் பைக்குள் எங்கே கிடந்தாலும் தெரியும். முகவரி ஒரு மூலையில் தொடங்கி மலை ஏறிப்போகும்.

முதல் கடிதத்துக்கு எதை வாங்குவது என்று கேட்டால், நான் இன்லண்ட் (மடித்து ஒட்டி அனுப்பும் தபால் தாள்) என்பேன். நான் வேலையில் இருந்தபோது அஞ்சலட்டை 50 காசு, இன்லண்ட் 2 ரூபாய் 50 காசு, உறை 5 ரூபாய். அட்டையில் இடம் குறைவு, பிள்ளைகளின் பெரிய எழுத்துக்கு நான்கு வரியில் நிரம்பிவிடும். வெள்ளைத்தாள் பெரிதாக இருப்பதால் பிள்ளை மிரளும். நீல இன்லண்ட் அளவாக இருக்கும்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதுவதற்கு முன் ஒரு தடவை மடித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கம் வெளியே வரும், பசை எங்கே படும் என்று பிள்ளை பார்க்க வேண்டும். பசை படும் ஓரத்தில் எழுதினால், பிரிக்கும்போது அந்த எழுத்தும் கிழிந்து வந்துவிடும். ஒரு பாட்டி என்னை நிற்க வைத்து, கிழிந்த ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து, “இது ‘முத்தம்’ தானே?” என்று கேட்டிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்லண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது, அதிலேயே அச்சிட்டிருக்கும். மயிலிறகு, சாக்லேட் தாள், விழுந்த பல் எல்லாம் வைப்பார்கள். அப்படி ஏதாவது வைக்க ஆசைப்பட்டால் உறை வாங்கித் தபால்தலை ஒட்டச் சொல்லுங்கள். 20 கிராமுக்குள் இருக்கட்டும்.

முகவரி எழுதுவதைப் பிள்ளையிடமே விடுங்கள். பின்கோடை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ஆறு இலக்கம். முதல் எண் 6 என்றால் நம் தெற்குப் பக்கம், தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம். முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிற பை என்று தெரியும். சென்னை 600, திருநெல்வேலி 627. கடைசி மூன்று எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். பையன் தன் வீட்டு எண்ணையும் ஆச்சி வீட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் 6-ல் தொடங்கி அப்புறம் எங்கே பிரிகிறது என்று அவனே கண்டுபிடிப்பான்.

பெட்டியில் போடும்போது தூக்கிப் பிடியுங்கள், அவன் கையாலேயே போடட்டும். பெட்டியில் தபால் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும், அதையும் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே விழுந்த கடிதம் உடனே ஆச்சி வீட்டுக்குப் போய்விடும் என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு.

புளியமரம் (திங்கள், மாலை 5.50)

வாட்ஸ்அப் காலத்தில் இதெல்லாம் எதற்கு? குரல் செய்தி அனுப்பினால் ஆச்சிக்கு ஒரு நொடியில் போகும். நம் மலரும் நினைவுக்காகப் பிள்ளைகளைப் படுத்த வேண்டாம்.

தாமிரபரணிக்காரி (திங்கள், மாலை 6.30)

குரல் செய்தியும்தான் அனுப்புகிறோம். கேட்டு முடித்ததும் அது போய்விடுகிறது. என் அப்பா வேலைக்கு வெளியூர் போயிருந்தபோது எழுதிய கடிதங்களை அம்மா இன்னும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறாள். அவ்வப்போது எடுத்துத் துடைப்பாள். அதற்காகத்தான் கேட்கிறேன், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

வாய்க்கால்கரை (திங்கள், இரவு 9.00)

நான் டெல்டாவில் ஒரு அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். போன ஆண்டு நீலகிரியில் வேலை பார்க்கும் என் தோழியின் வகுப்போடு கடிதம் பரிமாறிக்கொண்டோம். நடந்தது நல்லது கெட்டது எல்லாம் சொல்கிறேன்.

என் வகுப்பில் 26 பேர். ‘நண்பனுக்குக் கடிதம்’ என்று பாடத்தில் வந்தபோது எல்லோரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதினார்கள். பொங்கல் விழாவைப் பற்றி, எல்லாவற்றிலும் ‘கோலாகலமாக’ என்ற சொல்லோடு. அதே பிள்ளைகளிடம், “இந்தக் கடிதத்தை ஊட்டிப் பக்கம் ஒரு பையன் நிஜமாகப் படிக்கப்போகிறான், அவன் நம் ஊரைப் பார்த்ததே இல்லை” என்றேன். வகுப்பே மாறிப்போனது. ஒருவன் எழுந்து, “அவனுக்கு வாய்க்கால்னா தெரியுமா டீச்சர்?” என்று கேட்டான். தெரியாது என்று வைத்துக்கொள் என்றேன். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால், அது கல்லணை வந்து, ஆற்றில் பிரிந்து, தன் வீட்டுப் பின்னால் வருகிறவரை ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டான். மதகைத் திறப்பவரின் பெயர், அவர் கைலி நிறம் உள்பட. இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன்.

அங்கிருந்து வந்த கேள்விகள்: “உங்கள் ஊரில் ஸ்வெட்டரே விற்க மாட்டார்களா?”, “எங்கள் பள்ளிப் பக்கம் காட்டெருமை வந்தால் கதவைச் சாத்திக்கொள்வோம், உங்கள் பள்ளிக்கு என்ன வரும்?” எங்கள் பள்ளிக்கு ஆடு வரும். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து யாரும் எழுத மாட்டோம் என்றார்கள். அப்புறம் ஒரு பெண் மட்டும் எழுதினாள், சத்துணவுத் தட்டில் வாய் வைத்த ஆட்டைப் பற்றி. அதற்குத்தான் அங்கே அதிகக் கைதட்டலாம்.

இப்போது கெட்டது. 26 அனுப்பினோம், 22 வந்தது. அங்கே சில பிள்ளைகள் அன்று வரவில்லை, தோழி கடிதக் கட்டை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டாள். பதில் வராத நால்வரில் ஒருவன் பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைச் சமாதானம் செய்ய அரை நாள் ஆனது. யாராவது இப்படிச் செய்வதாக இருந்தால் அனுப்புவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் ஆசிரியரே எழுதிச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை அப்படித்தான் செய்தோம்.

எல்லாமே பள்ளி முகவரிக்குத்தான் போய் வந்தன. வீட்டு முகவரி, போன் எண் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். முன்பின் தெரியாத குடும்பங்கள், அந்த எச்சரிக்கை வேண்டும்தானே.

பனங்கிழங்கு (செவ்வாய், காலை 7.10)

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம், சொந்த இடம் யாழ்ப்பாணம். இங்கே டிசம்பர் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் நத்தார் தாத்தாவுக்கு, அதுதான் கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு, கடிதம் எழுதுவார்கள். வட துருவத்துக்கு என்று கனடா அஞ்சல் துறை ஒரு அஞ்சல் குறியீடே வைத்திருக்கிறது, வாசித்தால் ‘ஹோ ஹோ ஹோ’ என்று வரும். முத்திரை ஒட்டத் தேவையில்லை. முக்கியம் என்னவென்றால் பதில் வரும். என்ர மூத்தவள் அந்தப் பதிலை ஒரு வருஷம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தவள். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது, முன்பின் காணாத தாத்தாவுக்கு எழுதுகிற பிள்ளை சொந்த அம்மம்மாவுக்கு ஏன் எழுதக் கூடாது என்று.

சின்னவளுக்கு நாலு வயது, எழுத்து ஒன்றிரண்டுதான் தெரியும். அவள் படம் கீறுவாள். “இது ஆர்?” என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே நான் கீழே எழுதுவேன். அப்படியே என்றால் அப்படியேதான், ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். பிறகு விரல் வைத்து வாசித்துக் காட்டுவேன். தான் கதைத்தது தாளில் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கின நேரம் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அவளே எழுதுவாள், தாளின் பாதியை அடைத்துக்கொண்டு.

இன்னொரு விஷயம். ‘நலமறிய ஆவல்’ என்பதைப் பற்றிச் சிரிக்கிறோம். யுத்த காலத்தில் வெளியிலிருந்து வீட்டுக்கு எழுதுகிற கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று ஆருக்கும் தெரியாது. என்ர அப்பாவின் பழைய கடிதங்களில் அந்த வரி இருக்கிறது. அது வாய்ப்பாடாக எழுதினது இல்லை.

வெண்பலகை (செவ்வாய், காலை 9.45)

பெஞ்சுக்கடியில் உட்கார்ந்த பையனைப் படித்தபின் வாதாடத் தோன்றவில்லை. பிழைத் திருத்தத்தில் பாதி வழி இறங்கி வருகிறேன். வகுப்புக் குறிப்பேட்டில் திருத்துவோம், கடிதத்தில் வேண்டாம். பிள்ளை தப்பாக எழுதிய சொல்லைப் பதில் எழுதுகிறவர் சரியாக எழுதிவிட்டால் போதும். வந்த கடிதத்தைப் பிள்ளை பத்துத் தடவை படிக்கும், நான் போட்ட சிவப்பு வட்டத்தை ஒருவனும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

‘தங்கள்’ வேண்டாம். வீட்டில் ஆச்சியை எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே எழுதட்டும். நீ என்றால் நீ.

காக்கிப்பை (செவ்வாய், பகல் 12.20)

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஒன்றை விட்டுவிட்டேன். அஞ்சல் துறை ‘டாய் ஆக்கர்’ என்று கடிதப் போட்டி வைக்கிறது, 18 வயது வரை தனிப் பிரிவு, தமிழிலும் எழுதலாம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் போட்டி 9 முதல் 15 வயதுக்கு, 1971-லிருந்து நடக்கிறது. பெரிய பிள்ளைகள் எழுதலாம். மூன்றாம் வகுப்புப் பையனை அதில் தள்ளிவிடாதீர்கள், முதலில் ஆச்சியோடு பழகட்டும்.

தாமிரபரணிக்காரி (மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.30)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

நீங்கள் சொன்னபடியே, “ஆச்சி எதிரே இருந்தா என்ன சொல்லுவே?” என்று கேட்டேன். அன்றைக்குப் பார்த்துப் பல் விழுந்திருந்தது. இன்லண்டை மடித்துக் காட்டினேன், மூன்று தடவை மடித்துப் பிரித்ததில் கடிதம் எழுதுவதற்கு முன்பே பழையதாகிவிட்டது. அவன் எழுதியது:

“ஆச்சி, என் பல்லு விழுந்துடுச்சு. கீழ் பல்லு. ரத்தம் வந்துச்சு ஆனா நான் அழல. அம்மா சொன்னா நம்பாத. பல்ல கூரைல போடனும்னு நீ சொன்ன. இங்க கூரை இல்ல, எங்க வீட்டுக்கு மேல வேற வீடு இருக்கு. அவங்க வீட்டுல போட்டா திட்டுவாங்க. என்ன செய்ய? நலமறிய அவல்.”

கடைசி வரி வேண்டாமே என்றேன். அது இல்லாவிட்டால் கடிதம் செல்லாது என்று சொல்லிவிட்டான். அப்படியே ஒட்டினோம். தேதி மட்டும் போடச் சொன்னேன், காரணத்தோடு. பின்கோடில் முதல் எண் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, “அப்ப ஆச்சி பக்கத்துலதான் இருக்கா” என்றான்.

பத்து நாள் ஆயிற்று பதில் வர. தினமும் சாயங்காலம் கீழே போய்க் காவலாளி அண்ணனிடம் கேட்டுவிட்டு வருவான். அம்மா பேனா பிடித்து எத்தனை வருடம் ஆயிற்றோ. ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து ஒவ்வொன்றும் கோலப் புள்ளி மாதிரி தனித்தனியாக நிற்கிறது. மேலே பிள்ளையார் சுழி. பல்லை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வை, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா, நம் வீட்டு ஓட்டின் மேல் நீயே எறியலாம் என்று எழுதியிருந்தாள். எழுத்துக்கூட்டி அவனேதான் படித்தான்.

அடுத்த வரி, “நிற்க.” அந்தக் காலத்து ஆட்கள் ஒரு சேதி முடிந்து இன்னொன்றுக்குப் போகும்போது போடுவார்களே, அது. படித்ததும் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். மீதிக் கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே படித்தான். “அவல் கேட்டிருந்தாய். பக்கத்து வீட்டுப் பையன் மெட்ராஸ் வருகிறான். சிவப்பு அவல் ஒரு படி கொடுத்துவிட்டிருக்கிறேன். வெல்லம் போட்டுத் தரச் சொல்லு.” முடித்துவிட்டு, “ஆச்சி உக்காரச் சொல்லவே இல்லையேம்மா” என்றான்.

அவல் நேற்று வந்து சேர்ந்தது. எழுதினால் வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அடுத்த கடிதத்தை ‘நலமறிய முறுக்கு’ என்று முடிக்கப்போகிறானாம்.